பிரித்தானிய இண்டி இசைக் காணொளிகளைப் பார்த்துப் பகுத்தறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிரித்தானிய இண்டி (‘இண்டிபெண்டன்ட்’, அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராத) இசைக் குழுக்களின் காணொளிகளை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு அவை ஏனோதானோவென்று எடுக்கப்பட்டவை போலத் தோன்றக்கூடும். மங்கலான ஒளி, செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு, கேமராவைப் பார்த்துச் சிரிக்க மறுக்கும் நான்கு பேர், நடனமே இல்லாத மூன்றரை நிமிடம் என்று எல்லாமே அசட்டையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே மாலையில் பத்துக் காணொளிகளை அடுத்தடுத்துப் பார்த்தால், அந்த அசட்டைக்கே ஓர் இலக்கணம் இருப்பது புலப்படும். அது பிறந்த காரணங்கள் இரண்டு: கையில் பணம் இல்லாமை ஒன்று, தன்னை விற்பனைப் பண்டமாகக் காட்டிக்கொள்ள மறுத்தது மற்றொன்று. பிற்காலத்தில் பணம் வந்துசேர்ந்து, மறுப்பும் தளர்ந்த பிறகு, இவ்விரண்டின் பாவனை மட்டும் ஒரு பாணியாக நிலைத்துவிட்டது. ஆகவே காணொளியில் கண்ணில் படும் ஒவ்வொரு கூறையும் நிறுத்தி, ‘இது இல்லாமையா, மறுப்பா, பாவனையா?’ என்று கேட்பதே இவ்வழிகாட்டி பின்பற்றும் முறை. காட்சித் தொடர்பியல் மாணவர்களையும், குறைந்த செலவில் தாமே காணொளி எடுக்க நினைப்பவர்களையும் மனத்தில் கொண்டு இது எழுதப்படுகிறது.

முதல் படி: பாடலை வெளியிட்டவர் யார் என்று பாருங்கள்

1977 ஜனவரியில், மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு கடனாகத் திரட்டிய ஏறத்தாழ 500 பவுண்டைக் கொண்டு, நான்கு பாடல்கள் அடங்கிய ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. பெரிய நிறுவனத்தின் தயவு இல்லாமலே ஓர் இசைத்தட்டைக் கடைக்குக் கொண்டுசேர்க்க முடியும் என்பதை மற்றக் குழுக்கள் அதைப் பார்த்தே நம்பின. 1976இல் மேற்கு லண்டனில் ஒரு கடையாகத் தொடங்கிய ரஃப் டிரேட், 1978இல் தானே ஒரு வெளியீட்டு நிறுவனமாகி, இலாபத்தைக் குழுவோடு சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டது. அதே ஆண்டில் லண்டனில் மியூட்டும் மான்செஸ்டரில் ஃபேக்டரியும், 1980இல் 4ஏடியும், 1983இல் கிரியேஷனும், 1993இல் டொமினோவும் தோன்றின.

1980 ஜனவரியில் இண்டி தரவரிசைப் பட்டியல் ஒன்று வெளிவரத் தொடங்கியது. அதில் இடம்பெறுவதற்கு இசையின் பாணி ஒரு தகுதியாகக் கருதப்படவில்லை. பெரிய நிறுவனங்களின் விநியோக வலைக்கு வெளியே தட்டு விற்கப்பட வேண்டும் என்பதே நிபந்தனை. இதனால் கிட்டாரையே தொடாத நடனப் பாடல்களைப் பாடிய கைலி மினோக் கூட 1980களின் இறுதியில் அப்பட்டியலில் ஏறினார். மறுபுறம், 1990களில் இண்டி என்றே உலகம் அறிந்த ப்ளர் குழு, இஎம்ஐ என்ற பெரிய இசை நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபூட் வழியாகவும், பல்ப் குழு ஐலண்ட் வழியாகவும் பாடல்களை வெளியிட்டன. ஒயாசிஸ் இருந்த கிரியேஷனின் 49 சதவீதப் பங்கைச் சோனி 1992இலேயே வாங்கியிருந்தது.

எனவே குழுவின் பெயர், வெளியீட்டு நிறுவனம், அதன் பின்னால் இருக்கும் முதலாளி, ஆண்டு ஆகிய நான்கையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். காணொளிச் செலவில் ஒரு பகுதியாவது குழுவின் உரிமத்தொகையிலிருந்து பின்னர் கழிக்கப்படுவது இத்துறையில் வழக்கம். சிறு நிறுவனத்தில் அந்தச் செலவு குழுவின் வயிற்றிலேயே அடிக்கும். பெரிய நிறுவனத்தில் அது விளம்பரக் கணக்கில் கரைந்துவிடும். திரையில் தெரியும் எளிமையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இந்த நான்கு விவரங்களே சொல்லிவிடும்.

இரண்டாம் படி: எந்தத் திரைக்காக எடுக்கப்பட்டது?

பிபிசியில் 1964 முதல் 2006 வரை ஓடிய ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் பெரும்பாலான குழுக்கள் இசைத்தட்டு ஒலிக்க, அதற்கு வாயசைத்தன. இண்டி குழுக்களுக்கு அந்த வாயசைப்பு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. நியூ ஆர்டர் 1983இல் ‘ப்ளூ மண்டே’ பாடலை நேரடியாகத்தான் வாசிப்போம் என்று பிடிவாதம் பிடித்து, தட்டுத்தடுமாறி வாசித்தது. 1995இல் ஒயாசிஸ் சகோதரர்கள் இடம் மாறி நின்று, முதன்மைப் பாடகரல்லாத நோயல் பாடுவதாகவும் கிட்டார் வாசிக்காத லியம் வாசிப்பதாகவும் நடித்துக் கேலி செய்தனர். காணொளிகளைப் பார்க்கும்போது இந்த உறுத்தலை நினைவில் வைத்திருங்கள். வாயசைப்பை ஒளிப்பதும், வேண்டுமென்றே தவறவிடுவதும், முற்றிலும் தவிர்ப்பதும் இதன் தொடர்ச்சியே.

சேனல் 4இல் 1982இல் தொடங்கிய ‘தி டியூப்’, 1986இல் தொடங்கிய ‘தி சார்ட் ஷோ’, 1987இல் வந்த எம்டிவி ஐரோப்பா ஆகியவை காணொளி இல்லாத குழுவைப் புறத்தே தள்ளும் நிலையை உருவாக்கின. அந்த நெருக்கடிக்கு நடுவிலும் ஸ்மித்ஸ் குழு வழக்கமான விளம்பரக் காணொளியைப் பல ஆண்டுகள் தவிர்த்துவந்தது. 1986இல் இயக்குநர் டெரிக் ஜார்மன் அக்குழுவின் மூன்று பாடல்களைச் சூப்பர் 8 என்ற சிறுவகைப் படச்சுருளில் படமாக்கியபோது, குழு வாசிக்கும் வழக்கமான காட்சியை நாடாமல், மேலடுக்குப் பிம்பங்களாலேயே படத்தை நிரப்பினார். மறு ஆண்டில் டிம் பிராட் எடுத்த காணொளியில், பாடகர் மோரிசியைப் போலவே தலைவாரிக் கண்ணாடி அணிந்த இளைஞர் கூட்டம் அவரோடு மிதிவண்டியில் மான்செஸ்டரையும் சால்ஃபோர்டையும் சுற்றிவருகிறது. நட்சத்திரத்தைக் காட்டவும் வேண்டும், தனி நட்சத்திரமாகக் காட்டவும் கூடாது என்ற சிக்கலுக்கு இதைவிடக் குறும்பான விடையை நான் கண்டதில்லை.

மூன்றாம் படி: குழு எப்படி வாசிக்கிறது என்று கவனியுங்கள்

இந்த வகையின் முதுகெலும்பு வாசிப்புக் காட்சி. பயிற்சிக் கூடம், கிடங்கு, மதுவிடுதியின் பின்னறை என்று ஓர் இடம், ஒலிபெருக்கிகள், தம் கருவியைப் பார்த்துக் குனிந்த தலைகள். இதில் மூன்று காணொளிகளை வரிசையாகப் பார்க்கப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, ஜாய் டிவிஷனின் ‘லவ் வில் டேர் அஸ் அப்பார்ட்’. 1980 ஏப்ரல் 28 அன்று, மான்செஸ்டரில் டி. ஜே. டேவிட்சன் என்பவரின் பயிற்சிக் கூடத்தில், குழுவே முன்னின்று எடுத்தது. பாடகர் இயன் கர்ட்டிஸின் பெயர் கீறப்பட்ட கதவு ஒன்று திறந்து மூடுவதோடு காணொளி தொடங்குகிறது. வண்ணம் சில இடங்களில் பழுப்பேறிக் கிடக்கிறது. படப்பிடிப்பில் பதிவான ஒலி தேறாததால், பின்னர் இசைத்தட்டின் ஒலியையே அதன்மேல் ஏற்றினார்கள். ஆகவே உதடும் கையும் பாட்டோடு முழுதாக ஒட்டுவதில்லை. மூன்று வாரத்திற்குள், மே 18 அன்று கர்ட்டிஸ் இறந்துபோனார். இன்றைய பார்வையாளர் அந்தப் பழுப்பு நிறத்தைத் துயரத்தின் குறியீடாகவே காண்கிறார். ஆனால் எடுத்த நாளில் அது வெறும் தொழில்நுட்பக் குறைபாடு. நம் கேள்விக்கு இங்கே கிடைக்கும் விடை: ‘இல்லாமை’.

இரண்டாவது, நியூ ஆர்டரின் ‘தி பெர்ஃபெக்ட் கிஸ்’, 1985. ஜோனதன் டெமி இயக்கிய இக்காணொளியில் குழு தன் பயிற்சிக் கூடத்தில் பாடலை உண்மையிலேயே வாசிக்கிறது. காதில் விழுவது அந்த வாசிப்பின் ஒலியே. விரல்களும் முகங்களும் அண்மைக் காட்சிகளில் நீண்ட நேரம் நிற்கின்றன. யாரும் கேமராவுக்காக எதுவும் செய்வதில்லை; அடுத்த சுரத்தைத் தவறவிடக் கூடாதே என்ற கவலை மட்டும் முகத்தில் இருக்கிறது. பெயர்பெற்ற இயக்குநரை அழைக்க வசதி இருந்தும் அலங்காரத்தைத் தள்ளிவைத்ததால் இது மறுப்பு.

மூன்றாவது, ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் ‘ஐ பெட் யூ லுக் குட் ஆன் தி டான்ஸ்ஃபுளோர்’, 2005. ஹ்யூஸ் மொன்ஃபராடி இயக்கியது. ஷெஃபீல்டின் இந்த இளைஞர்களைப் படம்பிடிக்க 1980களின் குழாய்வகை இகேகாமி தொலைக்காட்சிக் கேமராக்களைத் தேடிப் பிடித்தார்கள். அவ்வகைக் கேமராவில் பிரகாசமான ஒளிப்புள்ளி நகர்ந்தால் அதன்பின் ஒரு வால் நீளும். பிபிசியின் பழைய ராக் நிகழ்ச்சிகளை நினைவூட்டுவது அந்த வால்தான். தங்களைச் சுற்றி எழுந்த ஆரவாரத்தை நம்பவேண்டாம் என்று பாடகர் அலெக்ஸ் டர்னர் தொடக்கத்திலேயே கேமராவிடம் சொல்லிவிடுகிறார். பாடல் முதலிடம் பிடித்தது; 2006 ஜனவரியில் வெளியான முதல் ஆல்பம் ஒரே வாரத்தில் 3,63,735 பிரதிகள் விற்றது. சாதாரண டிஜிட்டல் கேமரா எளிதில் கிடைத்த காலத்தில் பழைய கருவியை நாடியதால், இதன் கரடுமுரடுத் தோற்றம் பாவனை. பாவனை என்பதற்காக இதைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம். வாசிப்பு நேரடியானது, பாவனை அதைச் சுற்றியுள்ள சட்டகத்தில் மட்டுமே இருக்கிறது.

நான்காம் படி: இடத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காணுங்கள்

அமெரிக்க ராக் காணொளி பாலைவன நெடுஞ்சாலையை நாடினால், பிரித்தானிய இண்டி காணொளி தன் வீட்டு வாசலை நாடும். படப்பிடிப்புத் தளத்துக்கு வாடகை கொடுக்க முடியாதவர் தெருவில் எடுத்தார் என்பது பாதிக் காரணம். ‘நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்’ என்ற வர்க்கப் பெருமிதம் மறுபாதி. ப்ளரின் ‘பார்க்லைஃப்’ (1994) லண்டனின் கிரீனிச் தீபகற்பத்தில் ஒரு பழைய தெருவில் எடுக்கப்பட்டது. நடிகர் ஃபில் டேனியல்ஸ் வீடுவீடாக இரட்டைக் கண்ணாடிச் சன்னல் விற்பவராகவும், பாடகர் டேமன் ஆல்பர்ன் அவருடைய உதவியாளராகவும் வருகிறார்கள். சில ஆண்டுகளிலேயே அந்தத் தீபகற்பத்தில் மில்லேனியம் டோம் என்ற பெருங்கூடாரம் எழுந்து சுற்றுப்புறமே மாறிவிட்டதால், காணொளி இன்று ஓர் ஆவணமாகவும் நிற்கிறது. ஒயாசிஸின் ‘சூப்பர்சானிக்’ பாடலுக்கு லண்டன் கிங்ஸ் கிராஸ் அருகே ஒரு மொட்டைமாடி போதுமானதாக இருந்தது.

இடத்தைக் கண்டுபிடித்தபின் ஒரு கேள்வி கேளுங்கள்: குழுவுக்கு அந்த இடத்தோடு உறவு உண்டா, இரவலா? பெரிய நிறுவனத்தின் பணத்தில், வடக்கத்திய ஆலைத்தொழிலாளர் தெரு ஒன்று பின்னணித் திரையாக மட்டும் பயன்பட்டிருந்தால், அதைக் குறிப்பில் தயங்காமல் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: நடையும் ஒரே டேக்கும்

1997இல் வால்ட்டர் ஸ்டெர்ன் இயக்கிய ‘பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி’யில், தி வெர்வ் குழுவின் ரிச்சர்ட் ஆஷ்க்ராஃப்ட் கிழக்கு லண்டனின் ஹாக்ஸ்டன் தெருவில் எதிர்ப்படுவோரை எல்லாம் இடித்துக்கொண்டு, காரின் முகப்பில் ஏறி இறங்கி, வளையாமல் நேராக நடக்கிறார். இதற்கு முன்மாதிரி 1991இல் பிரிஸ்டலின் மாசிவ் அட்டாக் குழுவுக்காக பெய்லி வால்ஷ் எடுத்தது. அதில் பாடகி ஷாரா நெல்சன் லாஸ் ஏஞ்சலிஸ் தெருவொன்றில் யாரையும் இடிக்காமல் ஒரே டேக்கில் (வெட்டாமல் ஒரே தொடர் பதிவாக) நடப்பார். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே உத்தி, ஒன்றில் தன்னுள் மூழ்கிய துயரம், மற்றொன்றில் முரட்டுப் பிடிவாதம்.

ஒரே டேக் மலிவானது போலத் தெரிந்தாலும் ஒத்திகை மிகுதியாகக் கேட்கும். கோல்ட்பிளேயின் ‘யெல்லோ’ (2000) டார்செட் கடற்கரையில், நொடிக்கு 50 சட்டக (ஃபிரேம்) வேகத்தில் எடுக்கப்பட்டது. பாடகர் கிறிஸ் மார்ட்டின் இரட்டை வேகத்தில் ஓடிய பாடலுக்கு வாயசைத்தபடி மழையில் நடந்தார். இயல்பான வேகத்தில் ஓட்டும்போது உதடு பாட்டோடு பொருந்தும், ஆனால் துணியும் தலைமுடியும் மெதுவாக அசையும். ரேடியோஹெட்டின் ‘நோ சர்ப்ரைசஸ்’ காணொளியில் இயக்குநர் கிரான்ட் ஜீ இதே கணக்கை வேறொரு தேவைக்குப் பயன்படுத்தினார். பாடகர் தாம் யார்க்கின் தலையைச் சுற்றிய கண்ணாடிக் கவசத்தில் நீர் நிரம்பும் பகுதியில் மட்டும் பாடலை வேகமாக ஓட்டியதால், அவர் உண்மையில் மூச்சடக்கிய நேரம் திரையில் தெரிவதைவிடக் குறைவு.

ஆறாம் படி: பாட்டுக்கும் கதைக்கும் உள்ள உறவை எழுதுங்கள்

பிரித்தானியப் பள்ளிகளின் ஊடகப் பாடத்தில் ஆண்ட்ரூ குட்வின் என்ற அறிஞரின் வகைப்பாடு பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. காட்சி பாடல்வரியை அப்படியே விளக்கலாம், மிகைப்படுத்தலாம், அல்லது அதற்கு முரணாக நிற்கலாம் என்பது அதன் ஒரு பகுதி. இண்டி காணொளிகள் முதல் வழியை ஏறத்தாழக் கூச்சத்தோடு தவிர்ப்பவை.

இதற்கு ரேடியோஹெட்டின் ‘ஜஸ்ட்’ (1995) காணொளியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஜேமி த்ரேவ்ஸ் இயக்கியது. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தின் அருகே எடுக்கப்பட்டது. கோட்டும் சூட்டும் அணிந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நடைபாதையில் படுத்துவிடுகிறார். ஒருவர் அவர்மேல் தடுக்கி விழுந்து, உதவ முன்வருகிறார். இருவரின் உரையாடலும் நமக்குக் கேட்பதில்லை. பாட்டு ஓட, பேச்சு துணைத்தலைப்பாக எழுத்தில் வருகிறது. கூட்டம் சேர்கிறது, காவலரும் வந்துவிடுகிறார். ஏன் கிடக்கிறீர்கள் என்று எல்லாரும் வற்புறுத்த, சொல்லமாட்டேன் என்று அவர் மன்றாடுகிறார். மேல்மாடியில் வாசித்துக்கொண்டிருக்கும் குழு சன்னல் வழியே இதைப் பார்க்கிறது. அதாவது பாடகரே நம்மைப் போல ஒரு வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார். கடைசியில் படுத்திருப்பவர் காரணத்தைச் சொல்கிறார்: உதடு அசைகிறது, ஆனால் துணைத்தலைப்பு நின்றுபோகிறது. அடுத்த காட்சியில் கூட்டம் முழுவதும் நடைபாதையில் கிடக்கிறது.

அவர் சொன்னது என்ன என்பதை எடுத்தவர்கள் இன்றுவரை வெளியிடவில்லை. உதட்டசைவை வைத்து ஊகிப்பதில் நேரத்தைச் செலவிடாமல், கட்டமைப்பைக் கவனியுங்கள். பாடல் தனக்குத்தானே தீங்கு இழைத்துக்கொள்பவரைப் பற்றியது. கதையோ அதை நேரடியாக எங்கும் காட்டுவதில்லை. வாயசைப்புக் காணொளியில் எல்லா உதடும் பாட்டுக்கே உரியவை என்ற விதியை, துணைத்தலைப்பு என்ற மலிவான உத்தியால் இது உடைத்துவிடுகிறது.

ப்ளரின் ‘காஃபி அண்ட் டிவி’ (1999) இதற்கு மென்மையான உடன்பிறப்பு. ஹேமர் அண்ட் டாங்ஸ் என்ற இருவர் குழு எடுத்த இதில், காணாமற்போன கிட்டார் கலைஞர் கிரகாம் காக்சனின் படத்தை முதுகில் தாங்கிய பால் பெட்டி ஒன்று அவரைத் தேடிப் புறப்படுகிறது. பாடலைப் பாடுபவரே காணாமற்போனவராக இருப்பதால், அவரைப் பளபளப்பாகக் காட்டவேண்டிய கடமையிலிருந்து காணொளி விடுபடுகிறது.

ஏழாம் படி: படத்தின் பொருளைத் தொட்டுணருங்கள்

துகள், கீறல், ஒளிக்கசிவு, வண்ணப் படிவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மை ப்ளடி வாலன்டைன் போன்ற குழுக்களின் கிட்டார் ஒலி எப்படிக் குரலை மூடுகிறதோ, அப்படியே அவற்றின் காணொளிகளில் மங்கலும் அடர்வண்ணமும் முகத்தை மூடுகின்றன. ஆன்டன் கோர்பைன் 1988இல் ஜாய் டிவிஷனின் ‘அட்மாஸ்ஃபியர்’ பாடலுக்கு எடுத்த கறுப்பு வெள்ளைக் காணொளியில், முக்காடிட்ட சிறு உருவங்கள் குழுவின் பெரிய புகைப்படங்களைக் கடற்கரையில் சுமந்து செல்கின்றன. இறந்துவிட்ட பாடகரைப் புதிதாகப் படம்பிடிக்க இயலாத நிலை அது. கிளாஸ்கோவின் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழுவுக்காக 2004இல் சுவீடன் நாட்டு ஜோனாஸ் ஓடெல் எடுத்த ‘டேக் மீ அவுட்’, குழுவினரையே காகிதத் துண்டுகளாக வெட்டி, ‘டாடா’ என்ற ஐரோப்பியக் கலை இயக்கத்தையும் சோவியத் சுவரொட்டிகளையும் நினைவூட்டும் ஒட்டுப்படமாக்கியது.

இந்த மரபோடு நமக்கு ஓர் உண்மையான தொடர்பும் உண்டு. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, அகதியாக லண்டன் திரும்பி, சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் பயின்ற மாதங்கி அருள்பிரகாசம், பாடகர் எம்.ஐ.ஏ. ஆவதற்கு முன்பு எலாஸ்டிகா என்ற இண்டி குழுவின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு உறை வடிவமைத்து, அக்குழுவின் அமெரிக்கப் பயணத்தையும் படம்பிடித்தார். பின்னர் எக்ஸ்எல் நிறுவனத்தில் வெளியான அவருடைய ‘கலாங்’ காணொளியில், அவரே வரைந்த அச்சுவெட்டு (ஸ்டென்சில்) ஓவியங்கள் பின்னணியாக அசைகின்றன. கைச்செலவில் உருவாகும் ஓவியமே களமாகும் இண்டி வழக்கம், ஈழப்போரின் பிம்பங்களை அங்கே ஏந்திக்கொண்டது.

எட்டாம் படி: யார் யாரைப் பார்க்கிறார்கள்?

உடலைக் காட்டி விற்பதை மறுத்தோம் என்பது இண்டியின் பெருமிதம். அதை அப்படியே ஏற்கவேண்டாம். ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட் இயக்கிய ப்ளரின் ‘கன்ட்ரி ஹவுஸ்’ (1995), பழைய நகைச்சுவை நிகழ்ச்சிகளைப் பகடி செய்வதாகச் சொல்லிக்கொண்டே, அரைகுறை ஆடையில் மாடல்களை ஓடவிட்டது. பகடி என்ற சொல் அங்கே ஒரு சாக்கு என்பதே என் கருத்து. இதற்கு எதிரே வைட் தீவைச் சேர்ந்த வெட் லெக் குழுவின் ‘ஷேஸ் லாங்’ (2021) நிற்கிறது: பாடகி ரியன் டீஸ்டேலே இயக்கிய இதில், நீளமான பழங்கால ஆடையும் வைக்கோல் தொப்பியும் அணிந்த இரு பெண்கள், சிரிப்பை அடக்கிய முகத்தோடு நாட்டுப்புறத்தில் திரிகிறார்கள்.

ஒன்பதாம் படி: எண்ணுங்கள், பிறகு எடுங்கள்

ஒரு காணொளியை முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிப் பாட்டை மட்டும் கேளுங்கள். மூன்றாம் முறைதான் இரண்டையும் சேர்க்கவேண்டும். நிமிடத்துக்கு எத்தனை வெட்டுகள், அவை தாளத்தில் விழுகின்றனவா என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு 120 தாள அடி (பீட்) கொண்ட பாடலில் நான்கு தாள அடிக்கு ஒருமுறை வெட்டினால் ஒவ்வொரு காட்சியும் 2 நொடி நிற்கும். அதைவிட நெடுநேரம் நிற்கும் காட்சி, ஏதோ ஒரு முடிவோடு நிறுத்தப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

எடுக்க விரும்புவோருக்கு இரு கணக்குகள் உதவும். சூப்பர் 8 சுருள் ஒன்று 50 அடி நீளம். நொடிக்கு 24 சட்டகத்தில் 2 நிமிடம் 30 நொடியும், 18 சட்டகத்தில் 3 நிமிடம் 20 நொடியும் ஓடும். மூன்றரை நிமிடப் பாடலுக்கு மும்மடங்கு படம் எடுக்க நினைத்தால் 24 சட்டகத்தில் 5 சுருள் தேவைப்படும். கழுவி, கணினிக்கு மாற்றும் செலவு இதற்கு மேல். ‘யெல்லோ’ முறையை நாடினால், கைப்பேசியில் 50 சட்டகத்தில் எடுத்து, பாடலை இரு மடங்கு வேகத்தில் ஓட்டி வாயசைத்து, படத்தொகுப்பில் 25 சட்டகத்துக்கு இறக்குங்கள். மூன்றரை நிமிடப் பாடல் 1 நிமிடம் 45 நொடியில் எடுத்து முடிந்துவிடும் என்பதால், ஒரே மாலை வெளிச்சத்தில் பல டேக்குகள் எடுக்கலாம். பாடகர் இரட்டை வேக வரிகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே இதன் தொல்லை. கைப்பேசிப் படத்தின்மேல் செயற்கைத் துகளையும் கீறலையும் மென்பொருளால் தூவ நினைத்தால், முதலில் தூவாத வடிவத்தை முழுப்பாட்டோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.